நாலு விரல் ஏற்றம்

கடலுக்கும் ஏரிக்கும் என்ன வித்தியாசம் என்று விசாரிக்க ஒரு கமிஷன் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எமரன்சியாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கமிஷன் முன்னால் போய் நின்று பதில் சொல்ல வேண்டியவள் தானேதான் என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பும் போய்விட்டது. மதில் வாரியத்தில் நீர்ப் பிரிவு அதிகாரி அவள். மாடிப்படியைக் கண்டாலே முழங்கால் இரண்டும் முனகுகிற வயது. ஓய்வு பெறுவதற்குள் இன்னும் என்னென்ன கூத்தையெல்லாம் பார்க்க வேண்டுமோ என்று தலையில் அடித்துக்கொண்டுதான் புதுக்கரைக்கு ஜீப் ஏறினாள்.

மதில் வந்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். உலகம் சூடாகிக் கடல் ஏற ஏற, ராமநாதபுரத்துக் கரையும் அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்துக் கரையும் முங்கிப் போய்விடும் என்ற பயம் வந்தது. இரண்டு அரசாங்கமும் வாழ்க்கையில் ஒரு தடவை ஒத்துப்போய், நடுவில் கிடந்த கடலைச் சுற்றி அடைத்துவிட்டன. பாம்பனுக்குத் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும், வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் அந்தக் கரைக்காரர்கள் சொல்வது வழக்கம். ஆண்கடல் குதிக்கும். பெண்கடல் அடங்கிக் கிடக்கும். அடங்கிக் கிடந்ததைத்தான் பிடித்து உள்ளே போட்டுப் பூட்டினார்கள். ஊர் நியாயம் என்றைக்குமே அப்படித்தான் என்று எமரன்சியாவின் அம்மா அப்போது சொன்னாள்.

பூட்டிய கடல் வெயிலில் வற்றியது. வற்றிக் காய்ந்த இடத்தில் மண் தெரிந்தது. மண் தெரிந்தால் நம் ஆட்கள் விடுவார்களா, வீடு கட்டினார்கள். அதுதான் புதுக்கரை. மதிலின் மூலையில், இரண்டு மணல்திட்டுகளுக்கு நடுவில், ஒரு தொட்டி மாதிரி வளைந்து கிடந்த தண்ணீரின் ஓரத்தில் ஊர். மதிலுக்கு அந்தப் பக்கம் கடல் ஓர் ஆள் உயரம் மேலே நின்றது. இந்தப் பக்கம் பிள்ளைகள் கில்லி விளையாடினார்கள். நின்று யோசித்தால் ராத்திரி தூக்கம் வராது. யாரும் நின்று யோசிப்பதில்லை.

மாதா கோயில் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி தையல்நாயகி நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தென்முனை உப்பு நிறுவனத்தின் வக்கீல் கிருபாநிதி, வெயிலுக்குக் கழுத்தில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு. விஷயம் சிக்கலில்லை. ஏரி என்றால் அதை அரசாங்கம் ஏலத்துக்கு விடலாம். ஏலம் எடுத்தவன் பாத்தி கட்டி உப்பு எடுப்பான், கரையில் வேலி போடுவான். கடலை யாரும் ஏலம் விட முடியாது. அது வலை உள்ளவனுக்கெல்லாம் பொது. சட்டத்தில் அடைத்த கடலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. புதுக்கரைக்காரர்களுக்கு வேறு தொழிலும் தெரியாது, போக வேறு கரையும் கிடையாது. அதனால் பந்தலில் ஒரு பிள்ளைகூட அழவில்லை.

"உப்புக் கரிக்குதே அம்மா," என்றார் நீதிபதி. "நான் நாக்குல வச்சே பார்த்துட்டேன். அப்புறம் எப்படி ஏரின்னு சொல்றாங்க?"

"உப்பு கணக்கில்லைங்கம்மா," என்றாள் எமரன்சியா. "கடலைவிட உப்பா ஏரி இருக்கு. இதுவும் இப்ப வெளிய இருக்கற கடலைவிட உப்புதான்."

"அப்ப பெருசா இருந்தா கடலா?"

"அதுவும் இல்லைங்க. கண்ணுக்கெட்டாத ஏரியும் இருக்கு. கடல்னு பேரு வச்சு ஏரியாவே கிடக்கிறதும் இருக்கு."

"எதுதாம்மா கணக்கு?" என்று நீதிபதி சலித்துக்கொண்டார். அவருக்கும் வயதாகிவிட்டது பாவம்.

எமரன்சியா தண்ணீர்ப் பக்கம் கை காட்டினாள். "கடல் ஒண்ணுதாங்கம்மா. பேருதான் நிறைய. ஆண்கடல்ல ஒரு சொம்புத் தண்ணி ஊத்தினா அது என்னைக்காவது ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேரும். அதுக்குப் போக்கிடம் உண்டு. அடைச்ச கடலுக்குப் போக்கிடம் வானம் மட்டும்தான். தண்ணி ஆவியாப் போயிடும். உப்பு எங்க போகும்? இங்கயே சேரும். அடியில இருக்கற தண்ணிக்குக் காத்து கிடைக்காது, செத்துப்போகும். பெருங்கடலுக்கு வயசே தெரியாதுங்க. இதுக்கு வருசா வருசம் வயசாகுது."

"நல்லாச் சொன்னீங்க," என்று எழுந்தார் வக்கீல். "ஏற்றம் வற்றம் உண்டா மேடம் இதுல?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்திருந்தாள். சந்திரன் இழுத்துத் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் கடலுக்கு மூச்சு மாதிரி. அடைத்த கடலை அவ்வளவாக இழுக்க அதனால் முடிவதில்லை. "உண்டு. கருவி வச்சாத் தெரியும். காத்து தள்ளுறது அதைவிடக் கூட இருக்கும்."

"கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றாள் எமரன்சியா. பந்தலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கூட்டத்தில் அவள் தம்பி மகன் சிரில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குக் கருவியெல்லாம் புரியாது. வர்ற அமாவாசைக்கு ஏற்றம் ஜாஸ்தின்னு சொல்றாங்க. அன்னிக்கு இங்க கரையில ஒரு கழியை நட்டு நானே உட்கார்ந்து பார்க்கிறேன். கண்ணுக்குத் தெரிஞ்சு ஏறி இறங்கினா கடல்னு எழுதுறேன். இல்லைன்னா ஏரி."

கிருபாநிதி துண்டால் வாயைத் துடைத்துச் சிரிப்பை மறைத்தார்.

மறுநாள் சாயங்காலம் சிரில் மதில் மேலிருந்த அவள் அலுவலகத்துக்கு வந்தான். கையில் ஒரு பை கருவாடு. மதில் எழும்பிய பிறகு பிறந்தவன். நல்ல தோள், நல்ல கை, வலை வீசினால் வட்டம் பிசகாது. ஆனால் அவன் வலையில் விழுவதெல்லாம் விரல் நீள மீன்தான். தம்பி போன பிறகு அவன் கல்யாணத்தை நடத்திவைத்ததும் எமரன்சியாதான்.

"மெர்லின் எப்படி இருக்கா? பிள்ளை பால் குடிக்குதா?"

"குடிக்குது அத்தை. நீங்க இன்னும் வந்து பாக்கலன்னு அவளுக்குக் கோவம். அவ அம்மாவுக்கு வேற திருக்கை மீன் புட்டு குடுத்தாத்தான் பால் ஊறும்னு ஒரே பிடி. திருக்கைக்கு நான் எங்க போறது? படத்துலதான் பாத்திருக்கேன்." அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். "அத்தை, ஒண்ணு கேக்குறேன், சிரிக்காதீக. இந்த ஏத்தம் வத்தம்னா என்ன? தண்ணி ஏறுதுங்குறாக, அப்புறம் இறங்குதுங்குறாக. ஏறுன தண்ணி எங்க போகும்?"

எமரன்சியா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். அவள் அப்பா காலத்தில் கரையில் ஓடுகிற நண்டுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. "எங்கயும் போகாதுடா. இங்க ஏறும்போது வேற எங்கயோ இறங்கும். அங்க ஏறும்போது இங்க இறங்கும். ஒரு நாளைக்கு ரெண்டு தரம். உங்க தாத்தா வத்தைப் படகை எந்நேரமும் கரைமேட்டுக்கு இழுத்துப் போடுவாக, தெரியுமா? தண்ணி ஓரத்துல விட்டா ஏத்தத்துல மிதந்து போயிடும்."

"நாங்க நின்ன இடத்துலயே விட்டுருவோம். அது எங்க போகப் போகுது?" பிறகு வந்த காரியத்தைச் சொன்னான். "மதில்ல இருக்குற மதகை ஒரு சாண் திறங்க அத்தை. எங்க மூலை சின்னத் தொட்டிதானே. கொஞ்சம் தண்ணி வந்தாலே ஏறும். காலையில திறந்து மதியம் மூடிட்டா, திட்டு மேல வழிஞ்சு அந்தப் பக்கத்துப் பெருந்தண்ணிக்குத் தானா இறங்கிரும். அந்தம்மா பாத்துட்டுப் போயிரும். ஊர் பிழைச்சிரும்."

அவன் கேட்டதைவிட, அவன் கணக்கு சரியாக இருந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அவன் சொன்னபடியே நடக்கும்.

"முடியாது," என்றாள்.

"அத்தை..."

"கேளுடா. மதகைத் திறந்து எத்தனையோ வருசம் ஆச்சு. முன்னெல்லாம் வெளியேருந்து குஞ்சு மீன் வரட்டும்னு கொஞ்சம் திறப்போம். கொழகொழன்னு சொறி மீன் வந்து அடைச்சுக்காம இருக்க இரும்புக் கிராதி போட்டிருக்கு, ஒரு விரல் நுழையற இடம்தான் இருக்கும், அதுல வடிஞ்சு வர்ற தண்ணிக்கே கதவு ஆடும். இப்ப அந்தக் கீலு துருப்பிடிச்சு நிக்குது. வெளிய ஓர் ஆள் உயரத் தண்ணி. திறந்தா மூடுமான்னு எனக்கே தெரியாது. மூடலைன்னா முதல்ல முங்குறது உன் வீடு. உன் தொட்டில்."

"மூடும் அத்தை. இரும்புதானே."

"நீ சொல்லிட்டா ஆச்சா? முடியாதுன்னா முடியாது."

சிரில் எழுந்தான். அவன் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. "சரி அத்தை. நீங்க முடியாதுன்னுதான் சொல்லணும். ஆபீசர் வேற என்ன சொல்லுவாக." வாசலில் நின்று சின்னதாகச் சிரித்துவிட்டுப் போனான்.

"டேய், நெசமாத்தாண்டா சொல்றேன்," என்று கத்தினாள். அவன் திரும்பிப் பார்க்காமல் கையை ஆட்டினான்.

அமாவாசைக்கு முந்தின நாள் அவள் மதகுக்குப் போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் கீலைப் பார்க்கப் போனேன் என்று சொல்லியிருப்பாள். காவலர் லத்தீப் எழுந்து நின்றார். அவளோடு வேலைக்குச் சேர்ந்தவர், அவளோடு நரைத்தவர். அவள் முகத்தைப் பார்த்தார், மதகைத் திறக்கும் இரும்புச் சக்கரத்தைப் பார்த்தார்.

"மேடம், நான் போய் ஒரு டீ சாப்டுட்டு வரவா? கொஞ்சம் நேரமாகும்."

இவருக்கும் தெரிந்துவிட்டது. ஊருக்கே தெரிந்திருக்கும்.

எமரன்சியா சக்கரத்தின் மேல் கை வைத்தாள். துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒரு பக்கம் ஆண்கடல் மதில் மேல் மோதிச் சாரலை அடித்தது. மறுபக்கம் தாழ்வில் புதுக்கரையின் ஓடுகள், கொடியில் காயும் துணிகள், அதில் ஒன்று பிள்ளைத் துணியாக இருக்க வேண்டும், சின்னச் சின்னதாகத் தெரிந்தன. அந்த ஜனங்கள் என்ன அதிகமாகக் கேட்டுவிட்டார்கள்? ஒரு சாண் பொய். தன் வாழ்நாளில் எத்தனையோ கூட்டங்களில் அதைவிடப் பெரிய பொய்களுக்குத் தலையாட்டியிருக்கிறாள். கையை எடுக்க மனம் வரவில்லை. திருப்பவும் மனம் வரவில்லை. உடம்பு அப்படி அலுத்துக் கிடந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருத்தர் முங்கத்தான் போகிறார்கள் என்று பட்டது.

கடைசியில் கையை எடுத்தாள். உள்ளங்கை முழுக்கச் செம்மண் மாதிரி துரு. சக்கரத்தின் உச்சியில் அவள் கைத்தடம் பளிச்சென்று விழுந்திருந்தது.

"வேணாம் லத்தீப். டீயை இங்கயே வாங்கிட்டு வாங்க. எனக்கும் ஒண்ணு."

அமாவாசையன்று காலையிலேயே கரையில் ஊரே கூடிவிட்டது. தண்ணீரில் ஒரு மூங்கில் கழியை நட்டு வெள்ளையும் சிவப்புமாகப் பூசியிருந்தார்கள். நீதிபதி குடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வக்கீல் செருப்பைக் கழற்றிவிட்டுப் பேண்ட்டை மடித்துக்கொண்டு கழிக்குப் பக்கத்திலேயே நின்றார், யாராவது கழியை அழுத்திவிடுவார்கள் என்ற சந்தேகத்தில். எமரன்சியா ஒரு கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்தாள். ஒன்றும் நடக்கப் போவதில்லை. மதியத்துக்குள் நீதிபதி எழுந்து காரில் ஏறுவார். நாளையிலிருந்து இவர்கள் யாருமே தன் முகத்தில் முழிக்க மாட்டார்கள். அதற்கும் மனதைத் தயார் பண்ணிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

வெயில் ஏறியது. சுக்குக் காப்பி வந்தது. யாரோ ஒரு பெண் ஜெபமாலை உருட்டினாள்.

"ஏறுது," என்றான் ஒரு பையன்.

எல்லாரும் அவனை அதட்டினார்கள். ஆனால் கழியின் அடியில் இருந்த சிவப்புப் பட்டை ஈரமாகியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பட்டையே தெரியவில்லை. வக்கீல் குனிந்து பார்த்தார். அவர் மடித்துவிட்ட பேண்ட்டின் விளிம்பு நனைந்திருந்தது.

"காத்து," என்றார். "காத்து தள்ளுது."

நீதிபதி ஒரு விரலை நனைத்துத் தூக்கிப் பிடித்தார். கரையில் வைத்திருந்த மாதா படத்துக்கு முன்னால் ஊதுவத்திப் புகை நேர்கோடாக மேலே போய்க்கொண்டிருந்தது. "எந்தக் காத்து வக்கீல் சார்?" என்று கேட்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

நாலு விரல் ஏறியது. தண்ணீர் ஓரத்தில் நின்ற இடத்திலேயே விட்டிருந்த வத்தைகள் ஒவ்வொன்றாக அசைந்து, தாமாகவே மிதந்து கிளம்பின. பிள்ளைகள் அதைப் பார்த்துக் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னாலேயே நீந்தினார்கள். அப்படி ஒரு காட்சியை அந்த ஊரில் பிறந்த யாரும் பார்த்ததில்லை. பகல் சாயத் தொடங்கியபோது தண்ணீர் நின்றது, தயங்கியது, பிறகு மெல்லப் பின்வாங்கி ஈர மணலைக் காட்டியது.

நீதிபதி எழுந்து சேலையை உதறிக்கொண்டார். "என் கண்ணால பார்த்துட்டேன். இது கடல்தான்."

ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டார்கள். ஜெபமாலைக்காரப் பெண் ஓடி வந்து எமரன்சியாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தராக எல்லார் கண்ணும் அவள் பக்கம் வந்து, சிரித்து, உடனே நல்ல பிள்ளைகள் மாதிரி வேறு பக்கம் திரும்பியது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆபீசரைக் காட்டிக்கொடுக்கக் கூடாதே.

எமரன்சியா கூட்டத்தை விட்டு ஒதுங்கி லத்தீப்புக்குப் போன் போட்டாள்.

"மதகைத் தொட்டீங்களா?"

"அல்லா மேல ஆணையா இல்ல மேடம்." லத்தீப் குரலைத் தாழ்த்தினார். "நீங்க விடியக்காலம் வந்து திறந்துட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன். அதான் கேக்கல."

முழங்காலைப் பார்க்காமல் மதில் படியேறினாள். சக்கரம் இருந்தது. அதன் உச்சியில் அவள் கைத்தடம் முந்தின நாள் விட்ட இடத்திலேயே, விட்ட மாதிரியே இருந்தது. ஒரு நூல் அளவுகூடச் சக்கரம் திரும்பவில்லை. லத்தீப் கதவைத் தூக்கும் சங்கிலியைக் காட்டினார். சங்கிலியின் துருவும் உதிரவில்லை. கதவு மூடியபடியே இருந்தது. வெளியே ஆண்கடலும் வற்றத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே தொட்டித் தண்ணீரும் கூடவே இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே மூச்சில்.

வாரியத் தலைமைப் பொறியாளருக்குப் போன் செய்தாள். அவருக்குச் சேதி அதற்குள் போயிருந்தது. அவள் நாலு வார்த்தை பேசுவதற்குள், "புரியுது எமரன்சியா, புரியுது," என்றார் தணிந்த குரலில். "நல்ல காரியம்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா போன்ல பேசாதீங்க. நான் ஒண்ணும் கேக்கல, நீங்களும் ஒண்ணும் சொல்லல." வைத்துவிட்டார். மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

அப்போதுதான் சிரில் படியேறி வந்தான். மூச்சு வாங்க, முகமெல்லாம் பல்லாக, இரண்டு கையாலும் ஒரு சாக்கைச் சுமந்துகொண்டு. அதை அவள் காலடியில் விரித்தான். உள்ளே ஒரு திருக்கை. உயிர் இன்னும் போகவில்லை. சாம்பல் நிறம், சாட்டை மாதிரி வால், முறம் அகலம்.

"பாத்தீகளா அத்தை? மெர்லின் கேட்டது வந்துருச்சு. நம்ம கடல்ல. அவளுக்குச் சேதி சொல்லிட்டேன், அடுப்பு மூட்டச் சொல்லிட்டேன். உங்களுக்குக் காட்டாம அறுக்கக் கூடாதுன்னுதான் ஓடியாந்தேன்."

"எங்கடா கிடைச்சுது?"

"மதில் பள்ளத்துல." மதில் கட்ட மணலை வெளியிலிருந்து கொண்டுவர மெனக்கெடாமல், மதிலடியிலேயே உள்பக்கம் தோண்டி அள்ளினார்கள். அந்தப் பள்ளத்தில் உப்புத் தண்ணீர் கனத்துப்போய்த் தேங்கி, மீன் இறங்கினால் செத்து மிதக்கும். புதுக்கரையில் அங்கே யாரும் வலை போடுவதில்லை. "இன்னைக்குப் பள்ளம் தெளிஞ்சு கிடக்கு அத்தை. கெட்ட வாடையே இல்ல. சில்லுன்னு தண்ணி அடியிலேருந்து வருது. நீங்க திறந்துவிட்டது அங்க வரைக்கும் போயிருக்கு."

"நான் திறக்கல."

"சரி," என்று அவன் கண் சிமிட்டினான். "நீங்க திறக்கல. நாங்களும் பாக்கல."

"சிரில், சத்தியமாத் திறக்கலடா."

"அதான் சொல்றேனே அத்தை, உசிரு போனாலும் ஊர்ல ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாக." அவன் குரல் இளகியது. "அப்பா இருந்திருந்தா உங்க கால்ல விழுந்திருப்பாக."

எமரன்சியாவுக்கு அவனை அறையலாம் போல இருந்தது. உட்கார்ந்து அழலாம் போலவும் இருந்தது. உண்மையைச் சொல்லி நம்ப வைப்பது பொய் சொல்வதைவிட இவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

"தூக்கு அதை," என்றாள். "எங்கூட வா."

மதகின் உள்பக்கம் இறங்குகிற சின்னப் படியில் அவனை இறக்கினாள். கீழே கிராதி பாசி பிடித்து நின்றது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு விரல் போகும்.

"திறந்திருந்தா இது வழியாத்தானே வந்திருக்கும்? வச்சுப் பாரு."

சிரில் சிரித்துக்கொண்டே திருக்கையைத் தூக்கிக் கிராதி மேல் வைத்தான். அது எத்தனையோ கம்பிகளை மூடிக்கொண்டு விரிந்தது. அவன் ஒரு பக்கம் மடக்கிப் பார்த்தான். குறுக்கே திருப்பிப் பார்த்தான். அதன் வாலைத் தவிர எதுவும் உள்ளே நுழையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவன் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது. திருக்கை அவன் கையில் ஒரு தடவை துடித்து அடங்கியது.

"அப்ப இது எந்த வழியா வந்துச்சு?"

"மதிலுக்கு அடியில. பள்ளம் தோண்டுன பக்கத்துல அடி மணலைத் தண்ணி அரிச்சிருச்சு. அதான் அங்க சில்லுன்னு வருது. கொஞ்சமா வந்திருந்தா தொட்டியில தெரியாமலே போயிருக்கும். தொட்டியே நாலு விரல் ஏறுதுன்னா..."

"எவ்வளவு பெரிய ஓட்டை அத்தை?"

"ஒரே ஓட்டையா, பத்தா, எனக்குத் தெரியாது. இது நுழையும்போது ஒண்ணாவது இவ்வளவு அகலம் இருந்திருக்கு. இப்ப எவ்வளவோ." அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "அடுத்த ஏத்தம் ராத்திரி வரும். நாளைக்குப் பகல்ல மறுபடி வரும். அது தினம் வரும்டா, நிக்காது. ஒவ்வொரு தடவையும் மண்ணை எடுத்துக்கிட்டுத்தான் போகும்."

சிரில் ஊரைப் பார்த்தான். கீழே பந்தலில் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டுச் சத்தம் மதில் வரைக்கும் கேட்டது.

"லத்தீப்," என்று மேலே பார்த்துச் சொன்னாள் எமரன்சியா, "சங்கை ஊதுங்க. நிறுத்தாம ஊதுங்க."

ஆபத்துக்கென்று மதில் மேல் வைத்திருந்த சங்கு அது. அந்த ஊரில் யாரும் அதன் சத்தத்தைக் கேட்டதில்லை. லத்தீப் பொத்தானை அழுத்தியதும் முதலில் இருமியது, பிறகு நீளமாக ஊளையிட்டது. கீழே கொட்டு நின்றது. எல்லா முகமும் மதில் பக்கம் திரும்பியதை எமரன்சியா பார்த்தாள். ஒரு நிமிஷம் அவளுக்கு நம்பிக்கை வந்தது.

அப்புறம் ஊர் பதிலுக்குச் சரவெடி கொளுத்தியது. மதில் வாரியமே தங்களோடு சேர்ந்து கொண்டாடுகிறது என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம். பிள்ளைகள் மதிலைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். கொட்டு முன்னைவிடப் பலமாகக் கிளம்பியது.

சிரில் திருக்கையைப் படியிலேயே போட்டுவிட்டான். ஈரக் கையோடு போனை எடுத்தான். இரண்டு தடவை தவறாக அழுத்தினான்.

"மெர்லின். அடுப்பை விடு. புட்டு கிட்டெல்லாம் வேணாம். பிள்ளையத் தூக்கிக்கிட்டு உங்க அம்மாவோட ரோட்டு மேட்டுக்கு ஏறு. இப்பவே. பக்கத்து வீட்டு ஆளுகளையும் கூப்புடு... ஏன்னு கேக்காத. தண்ணி வருது. இன்னும் நிறைய வரும்."

போனில் வெடிச் சத்தம் கேட்டது. பிள்ளை அழுவது கேட்டது. அதற்கும் மேலாக மெர்லினின் சிரிப்புச் சத்தம் எமரன்சியாவுக்கே நன்றாகக் கேட்டது.

"அதுக்கு ஏன் இப்படிப் பதறுறீக? அத்தை பக்கத்துலதானே இருக்காக? அந்த ஜட்ஜம்மாதான் காரேறிப் போயிருச்சே. இனிமே போதும், மதகுக் கதவ மூடச் சொல்லுங்க."